ஜக்கரியா சாரின் வளைவு

செய்தி வந்த நேரத்தில் நான் கைபேசியில் அவருக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். “சார், இந்தத் தடவை கட்டுரை உங்களிடம் வந்து ஒரு போகமே முடிந்துவிட்டது. எங்கள் அண்ணன் குறுவை நட்டு அறுத்தும் விட்டார். இந்த வாரமாவது திருத்திக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?” அந்த ‘மாட்டீர்களா’ கொஞ்சம் அதிகப்படியோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. “நூறு வயசு சார் உங்களுக்கு” என்றேன், எடுத்த எடுப்பிலேயே. அந்தப் பக்கம் சார் இல்லை, அவர் மனைவி மரியம் அக்கா. “சுமதி, அவங்க போயிட்டாங்கம்மா. சுபுஹு தொழுகைக்கு எழுப்பினேன், எழுந்திருக்கல” என்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நினைவுக் கூட்டத்தில் வெளியிடும் இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது, நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். அவரை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள சிரமம் தெரியும். ஜக்கரியா சாரிடம் நல்லதும் எரிச்சலும் தனித்தனியாகக் கிடைக்காது. தஞ்சாவூருக்கு வெளியே புறவழிச்சாலையோரம் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில், உயிர்வேதியியல் துறையில், ஒரே ஆய்வகத்தை அவரும் நானும் பல ஆண்டுகள் பங்குபோட்டுக்கொண்டோம். ஒரே குளிர்பெட்டி, ஒரே தராசு, ஒரே சண்டை. ஓய்வு பெற்று அதிராம்பட்டினத்துக்கே வீடு திரும்பிய பிறகும் வாரம் தவறாமல் பேருந்தேறி வந்து அந்தச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவர் போன அன்றே, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அவர் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது எங்கள் துறைத் தலைவர் என்னிடம், “மேடம், சாரோட அந்த வளைவை உடனே வெளியிட்டுடணும். அதுதான் நாம அவருக்குச் செய்யற மரியாதை” என்றார். சுற்றி நின்ற பழைய மாணவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த வளைவைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அது என்ன என்று தெரியாதவர்களுக்கு, அவரே எங்கள் அண்ணனுக்கு விளக்கியதைச் சொல்கிறேன். அண்ணனுக்கு ஒரத்தநாட்டுக்கு அருகே வயல். எங்கள் ஆராய்ச்சிக்கு இளம் நெல் இலை வேண்டும். அதுவும் ஒரே நாற்றங்காலிலிருந்து, ஒரே ரகம், வெயில் ஏறும் முன் பறித்தது. கட்டுக்கட்டாக நாற்றைப் பிடுங்கி ஐஸ் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “நடறதுக்கு வச்சிருக்கற நாத்துங்க. இதைக் கொண்டுபோய் என்னங்க பண்ணுவீங்க?” என்றார். “மிக்ஸியில போட்டு அரைப்போம்” என்றார் சார், ஒளிவுமறைவில்லாமல். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. இதற்கா உன்னை இவ்வளவு படிக்க வைத்தோம் என்ற பார்வை.

சார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “இலைக்குள்ள வெயிலைச் சாப்பாடா மாத்தற வேலை நடக்குது இல்லீங்களா? அதுல எலக்ட்ரானை ஒரு புரதம் வாங்கி இன்னொண்ணுகிட்ட கொடுக்கணும். கொடுக்கறது சிவப்பு, உள்ள இரும்பு இருக்கு. வாங்கிக்கறது நீலம், உள்ள செம்பு இருக்கு. நீலத்துக்கு ஒரு பக்கம் எதிர்மின்சுமை, சிவப்புக்கு ஒரு பக்கம் நேர்மின்சுமை. எங்க ஊர் தர்கா கந்தூரிக் கூட்டத்துல ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் தேடறாங்கன்னு வச்சுக்குங்க. தூரத்துலயே முகம் தெரிஞ்சா நேரா வந்து சேந்துடுவாங்க. அந்த மின்சுமைதான் முகம். நடுவுல கூட்டம் நெரிஞ்சா முகம் மறைஞ்சுடும், சும்மா இடிச்சுக்கிட்டுப் போக வேண்டியதுதான். உப்புங்கறது அந்தக் கூட்டம். உப்பு கூடக் கூட ரெண்டும் சேர்ற வேகம் குறையும்.” “உப்பு ஏறினா பயிர் போயிடும்னு எங்களுக்கே தெரியுமேங்க” என்றார் அண்ணன். “அது வேற விஷயம். ரெண்டையும் சேத்துடாதீங்க” என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்றைக் கொடுத்த மனிதரை ஒரு தடவை சரி என்று விட்டிருக்கலாம். அதெல்லாம் அவரிடம் நடக்காது.

இனி வளைவு. சிவப்பையும் நீலத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தில் கலந்து, எலக்ட்ரான் கைமாறி நீலம் வெளிறும் வேகத்தை அளக்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. உப்பைக் குறைத்துக்கொண்டே போனால் வேகம் ஏறிக்கொண்டே வரும். எல்லோரும் எதிர்பார்ப்பது அது. ஆனால் எங்கள் வரைபடத்தில், உப்பு மிகமிகக் குறைவான கடைசிப் புள்ளியில் மட்டும் வேகம் இறங்கியது. ஏறி வந்த கோடு உச்சியில் வளைந்து கீழே வந்தது. வேறு சில புரத ஜோடிகளில் இப்படி உண்டு என்று படித்திருக்கிறோம். நெல்லில் நாங்கள் அறிய யாரும் காட்டியதில்லை.

காரணமும் எனக்கே தோன்றியது. அவருடைய கந்தூரிக் கதையை வைத்தே அவருக்குச் சொன்னேன். “கூட்டமே இல்லாட்டி என்ன ஆகும் சார்? பாத்த வேகத்துல ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்குவாங்க. முகம் தப்பான தோள்ல புதைஞ்சுடும். காதுல சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. கொஞ்சம் கூட்டம் இருந்தாத்தான் தள்ளி நின்னு, திரும்பி, சரியான இடத்துல பொருந்த முடியும்.” ஈர்ப்பு அளவுக்கு மீறினால் எலக்ட்ரான் கைமாறுவது தாமதமாகும் என்பது என் வாதம். அவர் வெகுநேரம் வரைபடத்தையே பார்த்தார். பிறகு, “ரொம்ப அழகா இருக்கு மேடம். அழகா இருக்கறதாலதான் பயமா இருக்கு” என்றார். அன்று தொடங்கியது என் கஷ்டகாலம்.

இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார். பார்த்தோம், வளைவு வந்தது. வேறு நாற்றங்கால் என்றார், அண்ணனிடம் கெஞ்சி வேறு நாற்று வாங்கினோம். வந்தது. கருவியின் விளக்கை மாற்றச் சொன்னார், மாற்றினோம். புரதம் கண்ணாடியில் ஒட்டுகிறதோ என்றார், அதையும் சோதித்தோம். எத்தனை தடவை பார்த்தாலும் வளைவு அசையாமல் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கட்டுரையை எடுத்து நீட்டுவேன். ஒவ்வொரு தடவையும் அவர், “இன்னும் மனசு ஒப்பல மேடம்” என்பார். எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இந்தக் கட்டுரை இல்லாமல் அங்கே போய் உட்காருவதில் அர்த்தமே இல்லை.

ஒருநாள் பொறுமை போய்க் கேட்டேவிட்டேன். “உங்களுக்கு ஓய்வு வந்துடுச்சு சார். எனக்கு?” அவர் கோபப்படவில்லை, அதுவே இன்னும் எரிச்சல். “பேப்பர் வராட்டி ஒருத்தருக்கு நஷ்டம் மேடம். தப்பா வந்தா படிக்கற அத்தனை பேருக்கும் நஷ்டம்” என்றார். “அந்த ஒருத்தர் நான்தான் சார்” என்றேன். “தெரியுது. அதனாலதான் மன்னிப்பு கேட்டுக்கிட்டே தாமதம் பண்றேன்” என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவர் அதே கதவைத் திறந்து வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த வட்டிலப்பத்தை என் மேசையில் வைத்துவிட்டு, “கண்ணாடிக் குடுவையை இன்னொரு தடவை கழுவிப் பாத்துடலாமா?” என்றார்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது ஐஸ் கதையை விட முடியாது. ஒரு கோடையில் எங்கள் வளாகத்து மின்மாற்றி எரிந்துவிட்டது. ஜெனரேட்டரும் கைவிட்டது. குளிர்பெட்டியில் ஒரு போகத்து நாற்றிலிருந்து பிரித்தெடுத்த புரதம் மொத்தமும் இருந்தது. நான் தஞ்சாவூர் முழுக்க ஐஸ் தேடி அலைந்துகொண்டிருந்தபோது, சார் அதிராம்பட்டினத்தில் மீன் ஏலம் விடும் இடத்திலிருந்து ஒரு பெரிய பெட்டி நிறைய ஐஸ் வாங்கி, பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். நடத்துநர் பெட்டிக்கும் ஒரு சீட்டு போட்டுவிட்டு, பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்றதால் வழி முழுக்க அவரைப் படிக்கட்டருகே நிற்க வைத்திருக்கிறார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், “கடல்தண்ணியில பண்ணின ஐஸ் இல்லையேன்னு கேட்டுத்தான் வாங்கினேன். உப்பு ஏறிடக் கூடாது பாருங்க” என்றார். புரதம் மூடிபோட்ட குழாய்க்குள் இருக்கிறது, ஐஸ் வெளியே இருக்கிறது. எந்த உப்பு எப்படி உள்ளே போகும்? நன்றியை விட்டுவிட்டுக் குழாய்களை ஐஸில் புதைத்தேன். ஆய்வகம் வெகுநாள் கவிச்சி அடித்தது. புரதம் பிழைத்துக்கொண்டது.

உப்பு விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதையானவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலை செய்யும் விதத்தை அவரிடம் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. புரதங்களைக் கரைக்கும் பஃபர் கரைசலை அவரே தயாரிப்பார். முதலில் அது மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து உப்பின் அளவை உறுதிசெய்வார். பிறகு பி.எச். மீட்டரின் எலக்ட்ரோடைப் புட்டிக்குள் இறக்கி அமிலத்தன்மையைப் பார்ப்பார். உப்பு உள்ள கரைசல்களில் மீட்டரின் எண் சட்டென்று நின்றுவிடும், எலக்ட்ரோடை எடுத்துவிடுவார். உப்பு மிகக் குறைவான அந்தக் கடைசிக் கரைசலில் மட்டும் எண் நிற்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். “நிலைக்கு வரட்டும்” என்பார். எலக்ட்ரோடைப் புட்டியிலேயே நிற்கவிட்டு டீ குடிக்கப் போவார். வந்து பார்ப்பார். “இன்னும் வரல” என்பார். நாங்கள் கருவிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் மாணவர்கள் அதைத் தேர் நிலைக்கு வருவது என்று கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அவர் போன பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. தடுக்க ஆள் இல்லை. கட்டுரை தயார், முதல் பெயர் அவருடையது. மரியம் அக்கா ஒரு தடவை, “அவங்க பேரு போட்டு வர்றது எப்பம்மா வரும்? பேரப்பிள்ளைங்ககிட்ட காட்டணும்” என்று கேட்டிருந்தார். வரைபடத்தை மட்டும் புதிய புரதத்தில் ஒருமுறை சுத்தமாக எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்தேன். பஃபரை நானே தயாரித்தேன். எலக்ட்ரோடை முக்கினேன், எண் ஏறக்குறைய சரியாக இருந்தது, எடுத்துவிட்டேன். அப்பாடா, நச்சரிக்க ஆள் இல்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

வளைவு வரவில்லை.

கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது, கடைசிப் புள்ளி எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று திரும்பச் செய்தேன். அதேதான். புரதத்தைச் சந்தேகப்பட்டேன், கருவியைச் சந்தேகப்பட்டேன், எழுதி வைத்திருந்த அளவுகளைச் சந்தேகப்பட்டேன். அவர் செய்தால் வருவது நான் செய்தால் ஏன் வரவில்லை? அவர் செய்து நான் செய்யாதது என்ன? எதிரே புட்டி, பக்கத்தில் மீட்டர். அவர் இல்லை, யாரும் டீ குடிக்கப் போகவில்லை, காத்திருக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது.

அந்த எலக்ட்ரோடுக்குள் இருப்பதே உப்புக் கரைசல்தான், அதுவும் இனிக் கரையாது என்னும் அளவுக்குச் செறிவாக. கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக அது சிறுகச் சிறுகக் கசிந்தால்தான் எலக்ட்ரோடு வேலையே செய்யும். எங்களுடையது பழையது, கொஞ்சம் தாராளமாகவே கசிந்தது. உப்பு உள்ள கரைசலில் அது ஒரு பொருட்டே இல்லை. உப்பே இல்லாத சின்னப் புட்டியில், ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் நின்றால் போதும், உப்பின் அளவே மாறிவிடும். அதே எலக்ட்ரோடை அதே போல நிற்கவிட்டு, மின்கடத்தலைத் திரும்ப அளந்தேன். ஏறியிருந்தது, கொஞ்ச நஞ்சமில்லை. நாங்கள் மிகக் குறைந்த உப்பு என்று எழுதி வைத்த கரைசலில் உண்மையில் கீழிருந்து நாலாவது கரைசலின் அளவுக்கு உப்பு இருந்திருக்கிறது. அந்த உப்புக்கு உரிய வேகம்தான் வந்திருக்கிறது. புரதங்கள் தப்பான தோளில் முகம் புதைக்கவே இல்லை. மனிதர் மின்கடத்தலை முதலில் அளந்தார், பி.எச்சைப் பிறகு அளந்தார், திரும்பத் திரும்ப அளந்தார். பி.எச்சுக்குப் பிறகு மின்கடத்தலை அளக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இத்தனை ஆண்டுகள், இத்தனை நாற்று, என் பதவி உயர்வு. மூடிய குழாய்க்குள் உப்பு போய்விடும் என்று மீன்காரரிடம் விசாரித்தவர், தன் கையாலேயே புட்டிக்குள் உப்பை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எதிரே இருந்தால் மேசையைத் தட்டிக் கேட்டிருப்பேன். தட்டினால் என்ன செய்திருப்பார் என்பதும் தெரியும். முகம் மலர்ந்திருக்கும். “தப்பு கண்டுபிடிச்சா முதல்ல என்கிட்ட சொல்லுங்க, ஊருக்கு அப்புறம் சொல்லலாம்” என்று மாணவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கும் மனிதர். முதலில் சொல்ல வேண்டியவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அடக்கத்தன்று வராத அழுகை, பி.எச். மீட்டர் முன்னால் உட்கார்ந்து வந்தது.

கூடவே இன்னொன்றும் புரிந்தது, அது இன்னும் மோசம். நான் நீட்டிய முதல் தடவையே அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த அழகான பொய் எங்கள் இருவர் பெயரிலும் அச்சேறியிருக்கும். வளைவை உண்டாக்கியதும் அவருடைய அந்தக் காத்திருப்புதான், வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்ததும் அதே காத்திருப்புதான். ஒரு மனிதரை எதற்காகத் திட்டுவது, எதற்காகக் கும்பிடுவது?

துறைத் தலைவரிடம் சொல்வதற்கு முன் அதிராம்பட்டினம் போனேன். மரியம் அக்காவிடம் சொல்லாமல் வேறு யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். சார் கண்டுபிடித்ததாக நினைத்தது அங்கே இல்லை, அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் வந்தது என்றேன். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“பெருநாளுக்கு பிரியாணியை தம்முல போட்டுட்டு நான் தொழப் போவேம்மா” என்றார் அக்கா. “வர்றதுக்குள்ள மூடியைத் திறந்து திறந்து பாப்பாங்க. வெந்துச்சான்னு பாக்கறாங்களாம். ஆவி எல்லாம் போயி அரிசி நறுக்கு நறுக்குன்னு நிக்கும். ‘உனக்கு தம் போடவே தெரியல’ன்னு என்னைத்தான் சொல்வாங்க.” சொல்லிக்கொண்டே வந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் அதே நிலைதான்.

கட்டுரை இனிப் போகாது என்று சொன்னேன். அதற்குப் பதில் ஒரு சின்னக் குறிப்பு எழுதலாம், உப்பு குறைந்த கரைசலில் எலக்ட்ரோடை நிற்கவிட்டால் இப்படி ஒரு பொய் வளைவு வரும், ஏமாந்துவிடாதீர்கள் என்று. அதனால் எனக்குப் பதவி உயர்வு வராது, ஆனால் யாராவது ஒருவருக்கு நாலு வருஷம் மிச்சமாகும். “அதுல சார் பேரைப் போடலாமாக்கா? வேண்டாம்னா விட்டுடறேன்” என்றேன். அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். “அவங்க செஞ்ச தப்புதானேம்மா? வேற யாரு பேரைப் போடுவே?” என்றார். சற்றுப் பொறுத்து, “கண்டுபிடிச்சுட்டேன்னு அவங்க ஒருநாளும் சொல்லலியே. மனசு ஒப்பலன்னுதானே சொல்லிக்கிட்டே இருந்தாங்க. போடும்மா. பேரப்பிள்ளைங்ககிட்ட அதைக் காட்டிக்கறேன்” என்றார்.

குறிப்பு அனுப்பியாகிவிட்டது. முதல் பெயர் எம். ஜக்கரியா. ஆகவே நண்பர்களே, அவருடைய வளைவைத் தயவுசெய்து யாரும் மேடையில் புகழ வேண்டாம். அப்படி ஒன்று இல்லை. அவர் இருந்திருந்தால் உங்களுக்கு முன்பே எழுந்து அதைச் சொல்லியிருப்பார், கூட்டமும் நேரத்துக்கு முடிந்திருக்காது.

என்னிடம் அவருடையது என்று மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். இப்போது பஃபரில் கொஞ்சத்தைத் தனியாக ஒரு சின்னக் குடுவையில் ஊற்றி, அதில் எலக்ட்ரோடை இறக்குகிறேன். பார்த்துவிட்டு அதைக் கொட்டிவிடுகிறேன், புட்டியில் உள்ளதைத் தொடுவதில்லை. ஆனால் அந்தக் கொட்டப்போகிற கரைசலுக்கு முன்னால், எண் நிற்கும்வரை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எரிச்சலாகத்தான் இருக்கிறது, எழுந்திருக்கவும் முடியவில்லை. அன்று எழுதி அனுப்பாமல் விட்ட செய்தி இன்னும் கைபேசியில் பாதியில் நிற்கிறது. விஷயத்தைச் சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று யோசிக்கவே வேண்டாம். “இன்னொரு தடவை பாத்துடலாமா மேடம்?”

பார்த்துவிட்டேன் சார். வளைவு இல்லை.